ஆடியில் அறுத்த கேழ்வரகு

1

இன்று ஆடிப் பதினெட்டு. ஊரில் இந்நேரம் செய்யாற்றங்கரையில் கட்டுச்சோற்றை அவிழ்த்திருப்பீர்கள். ஆற்றில் தண்ணீர் வந்ததோ, வெறும் மணலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டீர்களோ, எனக்கு யார் சொல்லப் போகிறார்கள்? உங்களிடமிருந்து கடிதம் வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. நான் மட்டும் விடாமல் எழுதி எழுதித் தகரப் பெட்டியில் போட்டு வைக்கிறேன். கப்பல் ஓட ஆரம்பித்ததும் எல்லாம் மொத்தமாக வந்து சேரும். இதை மட்டும் முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள். நடுவில் பிரித்துப் பார்த்தால், போன இடத்தில் இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள். ஏனென்றால், ஊரே விதைக்கிற ஆடியில் நான் கேழ்வரகு அறுத்து வாசலில் காயப்போட்டிருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். போன வருஷம் இதே ஆடிப் பதினெட்டில் நான் செய்ததுதான் உண்மையில் சிரிக்க வேண்டியது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கோலா பிலாவுக்குப் போகிற சாலையோரம், மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. கிராணி என்றால் இங்கே ஆபீஸ் குமாஸ்தா. சின்னக் கிராணி என்றால் குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா. யாரும் செய்ய விரும்பாத வேலையெல்லாம் என் தலையில்தான் விடியும். அதில் ஒன்று, தினமும் காலை ஏழு மணிக்கு ஆபீஸுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறி, அங்கே நிறுத்தியிருக்கும் செப்புக் குழாயில் முந்தின நாள் எவ்வளவு மழை விழுந்திருக்கிறது என்று அளந்து, பெரிய நோட்டில் எழுதுவது. எட்டு வருஷமாக எழுதுகிறேன். துரை எதற்குக் கேட்டார், யாருக்கு அனுப்பினார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

ஜப்பான்காரன் வந்தான். துரை காரில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினார். குழாய் மட்டும் மேட்டிலேயே நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லாததால் நானும் நிறுத்தவில்லை. மாறியது கடிகாரம்தான். இப்போது இந்த நாடு முழுக்கத் தோக்கியோ மணி. அவர்கள் ஏழு என்று சொல்லும்போது இங்கே கோழிகூடக் கண் திறந்திருக்காது. அங்கே விடிந்துவிட்டதாம், அதனால் இங்கேயும் விடிந்துவிட்டதாம்! இருட்டில் குழாயைத் தடவி என்னத்தை அளப்பது? நான் மழையை மட்டும் சூரியனைப் பார்த்துத்தான் அளந்தேன். நோட்டில் ஏழு மணி என்றே எழுதினேன். சூரியன் யாரிடமும் போய்க் கோள் சொல்லவில்லை.

2

அந்த மேட்டுக்குத் தினமும் என்னோடு வந்துகொண்டிருந்தவள் என் மகள் ராசாத்தி. இப்போது ஏழு வயது. குழாயைத் தூக்கிப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. தண்ணீர் இருந்தால் "இருக்குப்பா" என்பாள். இல்லாவிட்டால் "கோசோங் பா!" என்று தோட்டம் முழுக்கக் கேட்கக் கத்துவாள். கோசோங் என்றால் மலாயில் காலி, சைபர். "காலின்னு தமிழ்ல சொல்லு புள்ள" என்று நான் நூறு தடவை திருத்தியிருப்பேன். நூற்றியோராவது தடவையும் கோசோங்தான்.

இங்கேயே பிறந்தவள். தோட்டத்துப் பள்ளியில் இப்போது காலையில் ஜப்பான் பாட்டு. அதனால் எண்ணுவது ஜப்பானில், ஏசுவது மலாயில், பேச்சை முடிப்பது மலாய் 'லா'வில், அழுவது மட்டும் தமிழில் என்று ஆகிவிட்டது. ஒரு நாள் நான் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தபோது இடையில் மறித்துக் கேட்டாள்:

"கோடைன்னா என்னாப்பா?"

"வெயில் காலம்மா."

"அதான் தெனம் மத்தியானம் வருதே."

"அது இல்ல புள்ள. மழைக்காலம், வெயில்காலம்னு தனித்தனியா..."

"மழைக்காலம் சாய்ங்காலம் லா பா. காலையில பனிக்காலம்."

அவள் கணக்கில் ஒரு வருஷம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. பாவம், இந்தப் பிள்ளைக்குப் பருவம் என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்றே என்று அன்றைக்கு நான் மனம் வெதும்பினேன். உண்மையில் தெரியாதவன் யார் என்பது பிறகுதான் வெளிச்சமாயிற்று.

அரிசி வருவது நின்று வெகு நாளாயிற்று. கிடைத்தாலும் சுண்ணாம்பு கலந்த பழைய அரிசி, அதுவும் கைப்பிடி. மற்ற நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. காலையில் அவித்தது, மத்தியானம் சுட்டது, சாயந்திரம் இரண்டும் இல்லாமல் இடித்தது. சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துப் போனவர்களை நினைத்தால் கிழங்கு கிடைக்கிறதே என்று கும்பிடத்தான் வேண்டும். ஆனாலும் பிள்ளைகள் உடம்பு கேட்குமா? போன வருஷம் ஆனியில் ராசாத்தியின் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, குழி அப்படியே நின்றது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் அந்தோணி, செரம்பானில் தெமியாங் பக்கத்து ஆள், பூசி மெழுகிப் பேசத் தெரியாதவர். "கிராணி, இது பெரிபெரி. ஊசி மருந்து எங்கிட்ட இல்ல. கிழங்கையே தின்னா நெஞ்சுக்கு ஏறிடும். தவிடு, பயறு, கேவுரு, எது கெடைச்சாலும் குடுங்க" என்றார்.

கேவுரு! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. கடைசிக் கப்பலில் வந்த மைத்துனன் களி கிண்டித் தின்ன ஒரு பை கேழ்வரகு கொண்டுவந்திருந்தான். அதில் முக்கால் வாசி டின்னில் மிச்சம் இருந்தது. தின்றால் ஒரு மாதம் வரும். விதைத்தால் வருஷத்துக்கும் வரும். தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, சாப்பாட்டுக்குப் பயிர் வையுங்கள் என்று உத்தரவும் போட்டிருந்தார்கள். எனக்கும் வெயில் படுகிற ஒரு துண்டு நிலம் கிடைத்தது. பஞ்சாங்கம் எதற்கு? ஆடிப்பட்டம் தேடி விதை என்று பாலோடு குடித்து வளர்ந்தவன் நான். ஆடிப் பதினெட்டு அன்று கிழக்கே பார்த்துக் கும்பிட்டு விதைத்தேன்.

அடேயப்பா, எப்படி வளர்ந்தது தெரியுமா! இடுப்புக்கு வந்தது. கூலி வீட்டு வரிசைகளான லயத்து ஆட்களெல்லாம் வந்து பார்த்துவிட்டு, "கிராணிக்குக் கைராசி" என்று சொல்லிப் போனார்கள். கதிர் விட்டது, பால் பிடித்தது. கார்த்திகைக்கு மேல் மழையும் இல்லை, கர்ணனுக்கு மேல் கொடையும் இல்லை என்ற பழமொழியை நம்பி, அரிவாளைத் தீட்டி வைத்துக்கொண்டு கார்த்திகைக்குக் காத்திருந்தேன்.

கார்த்திகை வந்தது. இந்த நாட்டு மழைக்குக் கர்ணனும் தெரியவில்லை, கார்த்திகையும் தெரியவில்லை. பகலெல்லாம் கொட்டிற்று. அடுத்த நாளும் கொட்டிற்று. முற்றின கதிர் ஈரத்தில் நின்று கறுத்தது, பிறகு செடியிலேயே முளைவிட்டது. ஒவ்வொரு கதிரும் பச்சை மயிர் முளைத்த கைவிரல்களாக என்னைப் பார்த்து நின்றது. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். ஆம்பிளை அழலாமா என்று கேட்காதீர்கள். வீட்டில் பிள்ளை அந்தக் கதிரைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

என் மனைவி பாக்கியம் அழவில்லை. முளைவிடாத கதிர்களாகத் தேடிப் பொறுக்கி, மடியில் கட்டிக்கொண்டு வந்து, அடுப்புக்கு மேல் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்தினாள். எல்லாம் சேர்ந்து ரப்பர்ப் பால் பிடிக்கிற மங்கு இருக்கிறதே, அந்தச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் ஒரு கிண்ணம் தேறிற்று.

3

தை பிறந்தது. ராசாத்தி மேட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது. டிரெசர் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, தவிடு வாங்கித் தருவார். தவிடு கிடைத்த வாரம் வீக்கம் வற்றும், கிடைக்காத வாரம் திரும்பும். நான் தனியாகப் போய்க் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவேன். யாரும் கத்தாத மேடு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உணவுப் பயிர் அதிகாரி ஒரு படிவத்தோடு வந்தார். ஜப்பானின் வடகோடிக்காரராம். அவர் ஊரில் பனி கூரை வரைக்கும் ஏறி நிற்குமாம். படிவத்தில் அவர்கள் வருஷக் கணக்கு இரண்டாயிரத்து அறுநூற்று நாலு என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே நாலு கட்டம்: இளவேனில், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம். ஒவ்வொன்றிலும் இந்தத் தோட்டத்தில் என்ன விதைக்கிறீர்கள், என்ன அறுக்கிறீர்கள் என்று நிரப்ப வேண்டும்.

நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். எங்கே போய்ப் பனிக்காலத்தைத் தேடுவது? "துவான், இங்கே இந்த நாலும் இல்லை" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

அவருக்கு என்னைவிடக் குறைவாக மலாய் தெரியும். முகத்தைச் சுளித்தார். "நாலும் இல்லாத ஊர் உலகத்தில் கிடையாது. உன்னிடம் மழை நோட்டு இருக்கிறதாமே? எட்டு வருஷத்துக்கும் மாதவாரியாகக் கூட்டி எடுத்து வை. நான் நாலாகப் பிரித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

அன்று மனசுக்குள் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. இன்று அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று தோன்றுகிறது.

ஆபீஸ் அலமாரியில் துரை விட்டுப்போன உலகப் படப் புத்தகம் ஒன்று கிடந்தது. கூட்டல் சலித்தபோது அதைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் பூமியைப் பட்டை பட்டையாக நிறம் பிரித்துப் போட்டிருந்தது. எது எப்போதும் மழை பெய்யும் காடு, எது மழைக்குக் காத்திருக்கும் புல்வெளி, எது பாலை, எது ஊசியிலைக்காடு, எது வெறும் பனி என்று. நம் வட ஆர்க்காடு வெளிர்மஞ்சள். நான் உட்கார்ந்திருந்த இடம் கரும்பச்சை. அதிகாரியின் ஊர் நீலம். துரையின் ஊர் வேறொரு பச்சை. ஒரு நிறத்துக்காரன் இன்னொரு நிறத்தில் போய் உட்கார்ந்துகொண்டு தன் ஊர்க் காலத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? துரை இங்கே கிறிஸ்மஸுக்கு மரத்தில் பஞ்சை ஒட்டிப் பனி என்பார், நாங்கள் மறைவில் சிரிப்போம். ஜப்பான்காரன் கடிகாரத்தைத் திருகிவைத்து விடிந்தது என்கிறான், அதற்கும் சிரித்தோம். நான் மட்டும் என்ன யோக்கியம்? பஞ்சாங்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆடி வந்தது என்று விதைத்தவன்தானே! மூன்று பேருக்கும் ஒரே பைத்தியம்.

ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. வருஷா வருஷம் தையில், மாசியில் கொட்டும். அந்த நாளில் பால் குறையும், கூலி குறையும், எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். இந்த மரமும் எங்கிருந்தோ கப்பலேறி வந்ததுதான். ஆனால் அதற்கு இந்த ஊரில் மழை எப்போது குறைகிறது என்று தெரிந்திருக்கிறது. இலையை எந்த மாதம் விடலாம் என்று கண்டுபிடித்துக்கொண்டது. நோட்டு எழுதுகிற கிராணிக்குத் தெரியவில்லை.

திரும்ப நோட்டை எடுத்தேன். இந்தத் தடவை கூட்டவில்லை, பார்த்தேன். என் கையெழுத்துத்தான், எட்டு வருஷமும். தை மாதப் பக்கங்களில் சைபர்கள் நிறைய. மாசியிலும் அப்படியே. பங்குனி, சித்திரையில் சைபர் குறைந்துவிடுகிறது. பிறகு ஆனி, ஆடி வந்தால் மறுபடி சைபர், சைபர், நடுவில் ஒரு தூறல், சைபர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஒரு சைபருக்குக்கூட இடமில்லை. நான் கதிரை முற்றவிட்டது அங்கேதான். எட்டு வருஷம் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், இந்த மாதத்தில் அறுக்காதே மடையா என்று!

கேழ்வரகுக்கு நாலு மாதம். ஆடியை ஒட்டி அறுக்க வேண்டுமென்றால் மாசிக் கடைசியில் நாற்று விட வேண்டும். பங்குனி, சித்திரை மழையில் வளர்ந்து, ஆனி வெயிலில் முற்றும்.

4

வீட்டுக்குப் போய்ப் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் அந்தக் கிண்ணத்தை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"ஏங்க, மறுபடியுமா? ஒரு டின்னு கேவுரைக் கொண்டுபோயி மண்ணுல போட்டு முளைக்கட்டினது போதாதா? இது விதை இல்ல, எம் பொண்ணோட கூழு."

"இது ரெண்டு வேளைக் கூழுக்குத்தான் வரும் பாக்கியம். அப்புறம்?"

"அந்த ரெண்டு வேளையாச்சும் வவுத்துல நிக்குமில்ல? மாசியில கேவுரு வெதைக்கிறவன எந்த ஊர்லயாச்சும் பார்த்திருக்கீங்களா? எங்கப்பா கேட்டா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பாரு."

"உங்கப்பா ஊருல இல்ல நாம. நோட்டைப் பாரு..."

"நோட்டு! அந்த நோட்டு எனக்கு என்னா தெரியும்? நீங்க எழுதினது, நீங்களே படிக்கிறீங்க!"

அவள் கேட்டதும் நியாயம்தான். படிக்கத் தெரியாதவளிடம் சைபரைக் காட்டி என்ன பயன்? சரி, அவளுக்கே தெரிந்த ஒரு நாளைச் சொல்லச் சொல்லுவோம் என்று, "ராசாத்தி பொறந்த மாசம் எது?" என்று கேட்டேன்.

"ஆனி. அதுகூட மறந்துடுச்சா?"

நான் அந்த வருஷத்து ஆனியைப் பிரித்தேன். விரலை வைத்துச் சத்தமாகப் படித்தேன். இன்றைக்கு இல்லை, நாளைக்கு இல்லை, மறுநாள் இல்லை, ஒரு தூறல், அப்புறம் இல்லை, இல்லை, இல்லை.

பாக்கியம் மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஆமாங்க" என்றாள். "புள்ளத் துணி துவைச்சுப் போட்டா மத்தியானத்துக்குள்ள மொடமொடன்னு காஞ்சிடும். பக்கத்து வீட்டுப் பார்வதிக்குக் கார்த்திகையில பொறந்துச்சே, அவ துணி காயாம அடுப்புல காட்டிக் காட்டிப் பாதி கருகிப்போச்சு. 'ஒனக்கு நல்ல நேரத்துல பொறந்துச்சுடி'ன்னு எங்கிட்ட பொறாமைப்பட்டா."

முந்தானையிலிருந்து கிண்ணத்தை வெளியே எடுத்தாள். உள்ளே ராசாத்தி படுத்தபடி ஜப்பான் எண்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"துணி காஞ்ச மாசம்னா கதிரும் காயும்" என்று சொல்லிவிட்டு, என் கையில் கிண்ணத்தை வைத்தாள். "இந்தத் தடவை ஒரு மணி முளைச்சிருந்தாலும் நீங்க வீட்டுக்கு வராதீங்க."

5

மாசிக் கடைசியில் நாற்று விட்டேன். பங்குனியில் பிடுங்கி நட்டோம். லயத்தில் ஒரே சிரிப்பு. "கிராணி, அடுத்தது சித்திரையில பொங்கல் வெப்பீங்களா?" என்று கேட்டார்கள். வைப்பேன் என்று சொன்னேன்.

இந்தத் தடவை குழாயும் பயிரும் எனக்கு ஒரே வேலையாகிவிட்டன. பங்குனி மழை வந்தது, சித்திரை மழை வந்தது, நோட்டில் இருந்தபடியே. வைகாசியில் கதிர் எட்டிப் பார்த்தது. ஆனி நடுவில் மூன்று நாள் விடாத மழை. எனக்குச் சோறு இறங்கவில்லை, அதாவது கிழங்கு இறங்கவில்லை. நோட்டில் அப்படி ஒரு மூன்று நாள் ஐந்து வருஷத்துக்கு முன்னாலும் இருந்தது, பிறகு நின்றிருந்தது. அந்தப் பக்கத்தையே பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் வயலுக்குப் போய் ஒவ்வொரு கதிராகக் குலுக்கித் தண்ணீரை உதறிவிட்டு வந்தாள். நாலாம் நாள் வெயில் சுளீரென்று அடித்தது. அதற்கப்புறம் சைபர்தான்.

ஆனிக் கடைசியில் முதல் பறிப்பு. தாய்க் கதிரை மட்டும் ஒடித்துக் காயவைத்து, தட்டி, திரிகையில் அரைத்து, பாக்கியம் கூழ் காய்ச்சினாள். ராசாத்தி முதல் வாயைக் குடித்துவிட்டு, "மண்ணு மாதிரி இருக்கு லா மா" என்றாள். இந்தக் கூழுக்காகத்தானா இவ்வளவு பாடு என்று எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "மண்ணுதான்டி, குடி" என்று பாக்கியம் அதட்டினாள். குடித்தாள். தினமும் இரண்டு வேளை கூழ், தவிடு கிடைத்தால் தவிடு, வேலியோரத்து முருங்கைக்கீரை. ஒரு வாரத்தில் முகத்து வீக்கம் வடிந்தது. இரண்டாவது வாரம் கால் மெலிந்தது. டிரெசர் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. "கிராணி, அந்த விதையில எனக்கும் ஒரு கை குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் பின்னால வெச்சிடறேன்" என்றார். சிரித்தவர்களும் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த விதைப்பு எப்போது என்று கேட்கிறார்கள். தையில் அறுக்கிற மாதிரி புரட்டாசிக் கடைசியில் என்று நோட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

மிச்சக் கதிரெல்லாம் ஆடி முதல் வாரத்தில் அறுத்தது. தட்டித் தூற்றினதில் மூட்டைக்குச் சற்றுக் குறைச்சல். வாசலில் பாயில் காய்கிறது. உங்கள் எல்லாருக்கும் விதைப்பு நாள், எனக்கு அறுப்பு நாள். இரண்டும் ஒரே பூமியில்தான் நடக்கிறது என்று எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது. சண்டை ஒரு நாள் ஓயும், கப்பல் ஓடும். அப்போது இங்கே வருகிறவர்கள் பஞ்சாங்கம் கொண்டுவர வேண்டாம். ஆளுக்கு ஒரு பை கேழ்வரகு மட்டும் கொண்டுவாருங்கள். எப்போது விதைப்பது என்று நான் சொல்கிறேன்.

இன்று காலை, சூரியன் வந்த பிறகு, வழக்கம்போல மேட்டுக்குக் கிளம்பினேன். செருப்பைத் தேடித் திரும்பிப் பார்ப்பதற்குள் வாசலில் யாரோ ஓடுகிற சத்தம். பாக்கியம், "மெதுவா போடீ!" என்று கூவினாள். ஏழு மாதமாக அந்த மேட்டில் ஏறாத பிள்ளை, மேட்டின் மேலே நின்றுகொண்டு, இரண்டு கையாலும் குழாயைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். மூச்சு வாங்கவில்லை.

"அப்பா! கோசோங் பா!"

தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். நான் திருத்தவில்லை. ஆபீஸுக்குப் போய் நோட்டைப் பிரித்து, இன்றைய தேதிக்கு நேரே பெரிதாக ஒரு சைபர் போட்டேன்.